திருட்டு அலாரத்துக்கு எந்த ஒயர்?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். அப்படி ஒரு வீட்டில் எழுபது தாண்டிய அப்பத்தா ஒருவர் தனியாக இருக்கிறார். பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டில் திருட்டுப் போனதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேரன் செமஸ்டர் லீவில் வந்து, "நானே அலாரம் மாட்டித் தர்றேன் அப்பத்தா" என்று ஆரம்பித்தான்.

ஒயரே இல்லாத அலாரம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். அந்த வீட்டுச் சுவர்களின் கனத்தில் முகப்பில் வைத்த சென்சாரின் சிக்னல் இரண்டாங்கட்டுக்கு வந்து சேரவில்லை. ஆகவே ஒயர்தான். அப்பத்தாவின் ஒரே நிபந்தனை, சுவரில் உளி வைக்கக் கூடாது. (கண்ணாடி மாதிரி பளபளக்கும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சை உடைத்தால் இப்போது யார் பூசித் தருவது?)

பேனல் எது, சென்சார் எது என்று பையன் ஒரு வாரம் படித்தான். ஒயர் வாங்க ஐந்து நிமிடம்தான் செலவழித்தான். "எல்லாம் 12 வோல்ட்தானே, எதுவாக இருந்தால் என்ன" என்று கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த நாலு கோர் கேபிளை ஒரு காயில் வாங்கி வந்துவிட்டான். வம்பு அங்கேதான் தொடங்கியது.

முதலில் சைரன். பேனல் அப்பத்தா படுக்கும் இரண்டாங்கட்டு அறையில். சைரன் முகப்பில். இடையில் 40 மீட்டர். பேனல் அருகில் வைத்துப் பார்த்தபோது காதைப் பிளந்த சைரன், முகப்பில் மாட்டியதும் கொசு மாதிரி முனகியது.

கணக்கு ஒன்றும் பெரியதில்லை. 0.2 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.09 ஓம் தடை. மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆக 80 மீட்டர், 7 ஓம். நடமாட்டம் பார்க்கும் பிஐஆர் சென்சார் இழுப்பது 15 மில்லி ஆம்பியர் போலத்தான். அதனால் வழியில் போவது 0.1 வோல்ட், கவலையே வேண்டாம். ஆனால் சைரன் அரை ஆம்பியர் இழுக்கிறது. வழியிலேயே 3.5 வோல்ட் காலி. 12-ல் மிச்சம் 8.5. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது, பேட்டரி இறங்க இறங்க இன்னும் மோசம்.

அதுவும் அது நல்ல செம்பாக இருந்தால். பையன் வாங்கியது செம்பே இல்லை. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பார்த்தான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். இதன் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு முறை வளைத்தால் ஒடிந்தும் போகும். (ஈயம் பூசிய நல்ல செம்புக் கம்பி இதற்கு நேர் எதிர். மேலே வெள்ளை, சுரண்டினால் உள்ளே சிவப்பு. நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.)

சைரனுக்கு வீட்டு வயரிங்கில் போடும் சாதாரண 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் தனியாக இழுத்தான். 80 மீட்டருக்குத் தடை ஒரு ஓம் அளவுதான், போவது அரை வோல்ட். சைரன் தெருவையே எழுப்பியது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தான். உதவிக்கு வந்திருந்த வயர்மேன் அண்ணன், பின்வாசல் சென்சாருக்குப் போன கேபிளைக் கட்டிங் பிளேயரால் ஒரு வெட்டு வெட்டினார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"திருடன் ஒயரைப் பார்த்தா வெட்ட மாட்டானா தம்பி? வெட்டியாச்சு. எங்க சத்தத்தைக் காணோம்?"

சத்தம் வரவில்லை. கதவு திறந்தால் சர்க்யூட் சேர்ந்து மணி அடிக்கும்படி பையன் இணைத்திருந்தான். ஒயர் அறுந்தால் எப்போதும் சேராது. அப்பத்தா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். 1853-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் காப்புரிமை வாங்கிய மின் அலாரமும் இதே முறைதான், கதவு திறந்தால் சர்க்யூட் சேரும். பையன் 170 வருடம் பின்னால் போயிருக்கிறான் :-)

சரியான வழி, எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் மூடிய சர்க்யூட். அதோடு சென்சார் முனையில் இரண்டு ரெசிஸ்டர். 2.2 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம் (பேனலுக்குப் பேனல் மாறும்). பேனல் 2.2 பார்த்தால் எல்லாம் சரி. 4.4 பார்த்தால் கதவு திறந்திருக்கிறது. ஒன்றுமே ஓடவில்லை என்றால் ஒயரை வெட்டியிருக்கிறார்கள். பூஜ்யம் என்றால் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். வேலை சுலபம் என்று சிலர் ரெசிஸ்டரைப் பேனல் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிடுவார்கள். அது சுத்த வீண். வழியில் கம்பிகளைச் சேர்த்து முறுக்கினாலும் பேனலுக்குத் தெரியாது.

எத்தனை கோர் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. பிஐஆருக்குப் பவர் இரண்டு, அலாரம் இரண்டு, மூடியைத் திறந்தால் சொல்லும் டேம்பர் இரண்டு. ஆறு. ரெசிஸ்டர் முறையில் நாலே போதும். ஆனாலும் பையன் இந்த முறை ஆறு கோர் செம்புக் கேபிள்தான் வாங்கினான். கதவில் மாட்டும் காந்த சுவிட்சுக்குப் பவரே வேண்டாம், இரண்டு கோர் போதும்.

வயர்மேன் அண்ணன் ஒரு விஷயத்தில் மட்டும் தோற்றார். பழைய மரக் கேசிங்கில் ஓடும் 230 வோல்ட் ஒயரோடு சேர்த்தே இதையும் விட்டுவிடலாம் என்றார். பையன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் எலி உண்டு. எலி கடித்த இடத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால் அப்பத்தா விரல் வைக்கும் கீபேடுக்கு 230 வோல்ட் வந்து சேரும். எதிர்ச் சுவரில் தனிப் பைப் அடித்தார்கள், உத்தரத்தோடு ஒட்டி, உளி இல்லாமல்.

முகப்புச் சைரனையும் மாற்ற வேண்டியிருந்தது. அதன் ஒயரை வெட்டினால் என்ன ஆகும் என்று அண்ணன் பிளேயரோடு நின்றார் :-) உள்ளேயே சிறு பேட்டரி வைத்து, ஒயர் அறுந்தால் தானாகக் கத்தும் சைரன் வாங்கினார்கள்.

அன்று ராத்திரி அப்பத்தாவே பின்கதவைத் திறந்து பார்த்தார். சைரன் அலறியதில் எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. "என்ன ஆச்சு?" என்று குரல் கேட்டது. "ஒண்ணுமில்ல, பேரன் வேல பாக்குது" என்று பதில் சொல்லிவிட்டு, இதை எப்படி நிறுத்துவது என்று பையனைத் திட்டத் தொடங்கினார்.

மிச்சமிருந்த அலுமினியக் கேபிள் பின்கட்டில் துணி காயப்போடும் கொடியாக இருக்கிறது.