வாமடையில் தொடங்கும் நேரம்

எங்கள் ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சி வேலை என் தாய்மாமாவுக்கு. மேற்கே மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும். முல்லைப் பெரியாறு வேறு, இது வேறு. ஒன்று 47 அடி, இன்னொன்று 42 அடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை நிரம்பினால்தான் வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர்.

தண்ணீர் குறைவான வருஷம் என்றால் முறை வைப்பார்கள். ஊர்க்கூட்டம் போடும் விதி ஒரே வரிதான்: ஏக்கருக்கு மூன்று மணி நேரம்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மடைக்கரையில் உட்கார்ந்து நானும் மணி பார்ப்பேன். ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, கடைமடையில் இருந்த ஒரு ஏக்கருக்குத் தண்ணீரைத் திருப்பினார். ஒன்பதுக்கு அடைத்திருக்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்குத்தான் அடைத்தார்.

"மாமா, முக்கா மணி நேரம் கூடப் போயிருச்சு."

"மடையில நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும் மாப்ள. நடுவுல வாய்க்கா குடிச்சது யார் கணக்கு? அவன் வாமடையில தண்ணி தொட்டதுல இருந்துதான் அவன் நேரம்."

இதை நான் சரியாகப் புரிந்துகொள்ளப் பதினைந்து வருஷமும், பன்னிரண்டு கணினிகளும், என் புத்தியில் ஒரு அடியும் தேவைப்பட்டன.

குபெர்னெட்டிஸ் கிளஸ்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூகுள் 2014-ல் வெளியிட்ட மென்பொருள் அது. பல கணினிகளை ஒரே கூட்டமாக வேலை வாங்கும். கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. ஒரு நிறுவனத்தில் பன்னிரண்டு நோடுகள். ஒவ்வொன்றிலும், வெளியே போகும் நெட்வொர்க் கார்டின் மேல் ஒரு பிரிட்ஜ் போட வேண்டும். உள்ளே ஓடும் மெய்நிகர் கணினிகள் அதன் வழியாகத்தான் அலுவலக நெட்வொர்க்கைத் தொட முடியும்.

நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஈத்0 என்ற கார்டைப் பிரிட்ஜில் கட்டு, பழைய வெளிவழியை எடு, பிரிட்ஜ் வழியாகப் புதியதைப் போடு. எல்லாருக்கும் ஒரே விதி. ஊரில் இருந்தபடியே ராத்திரி பத்து மணிக்கு ஓட்டினேன்.

ஒன்பது நோடுகள் திரும்பி வந்தன. மூன்று வரவில்லை. அவை பின்னால் வாங்கியவை. அவற்றில் ஈத்0, சேமிப்பகத்துக்குப் போகும் கேபிள். வெளிவழி ஈத்1-ல் இருந்தது. உலகத்துக்கான ஒரே கதவை நானே சாத்திவிட்டேன். உள்ளே போய்த் திருத்தவும் அதே கதவுதான் வழி.

இரவுப் பணியில் இருந்த பையன் கொட்டும் மழையில் வண்டியெடுத்துப் போய், ஒவ்வொரு கணினியிலும் மானிட்டரை மாட்டிச் சரிசெய்தான். விடிந்துவிட்டது. மறுநாள் விளக்கம் கேட்டது அவனிடம்தான், ஷிப்டில் இருந்தவன் அவன் என்பதால். நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

அந்த இரண்டு நாளும், ஸ்கிரிப்டில் தப்பில்லை, அந்த மூன்று நோடுகள்தான் ஒழுங்கில்லாதவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மடையில் நின்று மணி பார்ப்பவனின் நியாயம் அது.

சில விஷயங்களை மேலிருந்தே பிரித்துக் கொடுத்துவிடலாம். கிளஸ்டருக்கென்று ஒரு பெரிய முகவரித் தொகுப்பைக் கொடுத்தால், குபெர்னெட்டிஸே அதை நோடுக்கு 256 ஐபிவி4 முகவரி என்று வெட்டிக் கொடுக்கும். வழக்கமான அளவு அதுதான். யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. ஆனால் எந்தக் கேபிள் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை அந்தந்த நோடிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும் கருவி ஒன்று இருந்தது, குபெர்னெட்டிஸ் என்எம்ஸ்டேட். அதன் பொதுக் கொள்கையில் கார்டின் பெயரை எழுத வேண்டியதில்லை. 'உன் வெளிவழி எந்தக் கார்டில் போகிறதோ, அதன் மேல் பிரிட்ஜ் போடு' என்று எழுதலாம். ஒவ்வொரு நோடும் தன் வழித்தடப் பட்டியலைப் பார்த்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஒன்பதில் ஈத்0 என்று ஆகும், மூன்றில் ஈத்1 என்று ஆகும். கொள்கை ஒன்று, அமைப்பு பன்னிரண்டு.

இன்னும் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. மாற்றத்தைச் செய்ததும் நோடு தன் வெளிவாசலையும் கிளஸ்டரின் தலைமையையும் தொட்டுப் பார்க்கும். எட்டவில்லை என்றால் யாரையும் கேட்காமல் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மழையில் யாரும் வண்டியெடுக்க வேண்டாம். அடுத்தது, ஒவ்வொரு நோடுக்கும் தனிப் பதிவு உண்டு: இந்தக் கொள்கை இந்த நோடில் என்னவாக ஆனது, நடந்ததா, தோற்றதா, ஏன். தோற்ற நோடு பெயரோடு தெரியும்.

கொள்கையை எழுதியவனின் பெயர் அந்தப் பதிவில் இருக்காது. அதை நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலை மாமாவோடு கண்மாய்க் கரையில் நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கணினி அவருக்குப் பிடிபடவில்லை, பையன் பிடிபட்டான்.

"நீ திருப்பி விட்ட தண்ணி ஒருத்தன் வரப்ப உடைச்சிருச்சு. அடைச்சது அவன். ஏச்சு வாங்குனதும் அவனா?"

"ஆமா மாமா."

"அப்பறம் எதுக்கு எங்கிட்டச் சொல்லிட்டு நிக்கிற?"

கரையில் நின்றபடியே மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்து அவனை. "பரவால்லண்ணே" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ண்ணே" என்றான்.

என் நேரம் நான் போனை எடுத்ததிலிருந்துதான். அவன் நேரம் அன்றைக்கு ராத்திரி பத்து மணியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.