திரைக்குப் பின்னே ஒரு குரல்

மேடையில் பாடி நடிக்கப்பட்டுப் புகழ்பெற்ற இசை நாடகம் ஒன்றைத் திரைப்படமாக்க முனைவோர் முன்னே எப்போதும் ஒரு கேள்வி வந்து நிற்கும். பாடத் தெரிந்தவரை நடிக்க வைப்பதா, அல்லது மக்கள் முகமறிந்த நட்சத்திரத்தை நடிக்க வைத்துவிட்டுப் பாட்டை வேறொருவரிடம் வாங்கிக் கொள்வதா? அமெரிக்கத் திரையுலகம் நெடுங்காலம் இரண்டாவது வழியையே பெரிதும் நாடியது. அவ்வழியில் ஒரு பெண்மணியின் குரல் மூன்று பெரும் படங்களில் மூன்று நடிகையரின் உதடுகளில் உலவியது. அவருடைய பெயரோ அப்படங்கள் வெளிவந்தபோது பெயர்ப் பட்டியலில் எங்கும் இடம்பெறவில்லை. அவர்தாம் மார்னி நிக்சன்.

சிங்கப்பூரில் குடியிருந்த ஆண்டுகளில், பிள்ளைகள் உறங்கிய பின் தொலைக்காட்சியில் பழைய ஆங்கிலப் படங்களைப் பார்ப்பது எங்கள் வழக்கம். 'மை ஃபேர் லேடி'யையும் அப்படித்தான் பார்த்தேன். பேசுகின்ற குரலும் பாடுகின்ற குரலும் ஒருவருடையவையாக இல்லையே என்று எனக்குப் பட்டது. என் கணவரிடம் சொன்னேன். "நீ படத்தைப் பாரேன்" என்றார்கள். பார்த்தேன், ஆனால் ஐயம் தீரவில்லை. பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் அந்தப் படத்தின் கதையைவிட அதை எடுத்த கதை சுவையானது என்று தெரிந்தது.

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தைத் தழுவி உருவான அந்த இசை நாடகம் 1956-ல் நியூயார்க்கில் அரங்கேறியது. பூக்காரப் பெண் எலைஸாவாகப் பாடி நடித்தவர் ஜூலி ஆண்ட்ரூஸ். படமாக்கும் உரிமையை ஜாக் வார்னர் 55 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். அவ்வளவு பணம் போட்டவருக்கு, அதுவரை ஒரு படத்திலும் தலைகாட்டாத ஜூலியை நம்ப மனம் வரவில்லை. ஆட்ரி ஹெப்பர்னுக்கு 10 லட்சம் டாலர் தந்து அழைத்து வந்தார். ஹெப்பர்ன் சோம்பியிருக்கவில்லை, பாடல் பயிற்சி பெற்றார், பாட்டுகளைப் பாடிப் பதிவும் செய்தார். இறுதியில் அவற்றுள் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மார்னி நிக்சனின் குரலை வைத்தார்கள்.

பேராசிரியர் ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹாரிசனுக்கு மட்டும் தனி நீதி! பாட்டை முன்கூட்டிப் பதிவு செய்துவிட்டு வாயசைக்க அவர் மறுத்துவிட்டார். அவருடைய கழுத்துப் பட்டைக்குள் கம்பியில்லா ஒலிவாங்கியை ஒளித்து வைத்து, படப்பிடிப்பின்போதே அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். அவர் பாடினார் என்பதைவிடத் தாளத்தோடு பேசினார் என்பதே பொருந்தும். அது அவருக்கு அழகாகவும் இருந்தது.

இதில் என்னைச் சிந்திக்க வைத்தது ஒன்றுண்டு. எலைஸாவின் கதையே குரலைப் பற்றிய கதையன்றோ! தெருவில் பூ விற்ற ஒரு பெண்ணின் பேச்சைத் திருத்தி, அவளைச் சீமாட்டியென்று உலகை நம்ப வைக்கிறார் ஒரு பேராசிரியர். விருந்து வெற்றியாக முடிந்த இரவில் ஹிக்கின்ஸும் அவருடைய நண்பரும் ஒருவரையொருவர் பாராட்டி மகிழ்கிறார்கள். அறையின் மூலையில் நிற்கும் எலைஸாவை ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. அதே படத்தை எடுத்தவர்கள் தம் படத்திலேயே இரு பெண்களுக்கு அதைத்தான் செய்தார்கள். ஒருத்தியின் குரலைப் பறித்தார்கள்; மற்றொருத்தியின் பெயரை மறைத்தார்கள்.

படத்தில் எலைஸா கோபங்கொண்டு பேராசிரியரைச் சபிக்கும் பாட்டு ஒன்று வரும். அதன் தொடக்கத்தில் ஹெப்பர்னின் சொந்தக் குரலையே விட்டு வைத்திருக்கிறார்கள். கரகரப்பும் ஆத்திரமும் கலந்த, தெருவில் வளர்ந்த பெண்ணுக்கே உரிய குரல் அது. பாட்டு உயரே ஏறும் இடத்தில் நிக்சனின் பண்பட்ட குரல் வந்து சேர்கிறது. இசையளவில் நிக்சனே சிறந்தவர், ஐயமில்லை. ஆயினும் அந்த முதல் சில வரிகளில்தான் எலைஸா உயிரோடு இருக்கிறாள் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் நான் இவ்வளவு மனத்தில் போட்டுக் கொள்வதற்குக் காரணம் உண்டு. என் காக்கா மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, அவளுடைய பள்ளி ஆண்டுவிழாவில் ஓர் இசை நாடகம் போட்டார்கள். பள்ளியிலேயே நன்றாகப் பாடுபவள் அவள்தான். ஆனால் மேடைக்கு எடுப்பான தோற்றமுடைய வேறொரு மாணவியைத் தேர்ந்தெடுத்து, இவளைத் திரைக்குப் பின்னே நாற்காலி போட்டு அமர்த்திப் பாட வைத்தார்கள். கைதட்டல் அரங்கை நிறைத்தது. பரிசு மேடையிலிருந்த பிள்ளைக்குப் போயிற்று. அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இவள் பெயர் இல்லை. மறுநாள் என்னிடம் வந்து அமர்ந்தவள் சொன்னாள்: "பாடியது நீதானென்று நமக்குத் தெரியும், அது போதும் என்று வாப்பா சொன்னார்கள். எனக்குப் போதவில்லை மாமி."

அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. போதாதுதானே?

குரல் இரவல் கொடுப்பதே குற்றமென்று நான் சொல்லவில்லை. பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த நாம் அப்படிச் சொன்னால் பொருந்தாது. 'வள்ளி திருமணம்' நம் நாடகமேடையில் பாடிப் பாடிப் பழகிய கதை. அக்கதை 1945-ல் 'ஸ்ரீவள்ளி'யாகப் படமானபோது, நாயகி ருக்மிணியின் பாட்டுக் குரலை நீக்கிவிட்டுப் பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார் ஏ.வி. மெய்யப்பன். படமும் வெற்றி பெற்றது. நாளடைவில் பின்னணி பாடுவோர் நம்மிடையே நடிகருக்கு நிகராகப் புகழ்பெற்றார்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே அதை வெளியே சொல்லக் கூடாத இரகசியமாக வைத்தார்கள்.

மனிதர்கள் மாறினால் முறையும் மாறும் என்பதற்கு 1956-ல் வந்த 'தி கிங் அண்ட் ஐ' சான்று. அதில் நடித்த டெபோரா கெர், நிக்சனோடு அருகருகே நின்று ஒத்திகை பார்த்தார். எந்தச் சொல்லைத் தாம் பேசுவது, எந்த அடியில் நிக்சன் பாடத் தொடங்குவது என்று இருவரும் சேர்ந்தே வகுத்தார்கள். கேட்போருக்கு ஒட்டு தெரியாது. வாய் திறக்கக் கூடாதென்று நிக்சனைப் படநிறுவனம் எச்சரித்திருந்தது. உண்மையை உலகறியச் சொன்னவர் கெர் அம்மையார்தாம். 1961-ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' வந்தபோது இதற்கு நேர்மாறு. தம் குரலே படத்தில் வருமென்ற நம்பிக்கையில் நாட்டலி வுட் பாடிப் பதிவு செய்தார். அவருக்குப் பின்னால் நிக்சனின் குரல் ஏற்பாடாயிற்று. இசைத்தட்டு விற்பனையில் நிக்சனுக்குப் பங்கு இல்லையென்று ஆனபோது, இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தம் பங்கிலிருந்து ஒரு சிறு விழுக்காட்டை விட்டுக் கொடுத்தார்.

ஜூலி ஆண்ட்ரூஸ் என்ன ஆனார் என்று சகோதரிகள் கேட்கக்கூடும். 'மை ஃபேர் லேடி' வெளியான அதே 1964-ல் அவர் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நடித்தார். மறு ஆண்டு ஆஸ்கார் விழாவில் 'மை ஃபேர் லேடி' எட்டு விருதுகளை அள்ளியது. ஆனால் சிறந்த நடிகை விருது ஜூலிக்கு. ஹெப்பர்ன் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. 1965-ல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வந்தது. அதில் ஜூலியோடு கன்னிமாடத்துச் சகோதரியருள் ஒருவராகத் தம் சொந்த முகத்தோடு தோன்றிப் பாடியவர் மார்னி நிக்சன்! வேடிக்கை என்னவென்றால், அதே படத்தில் மடத்துத் தலைவியாக நடித்தவருக்கும், கதாநாயகன் கிறிஸ்டோஃபர் பிளம்மருக்கும் வேறு ஆட்கள் பாடினார்கள்.

பிற்காலத்தில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 2012-ல் வந்த 'லே மிசராப்ள' படத்தில் நடிகர்கள் அனைவரும் படப்பிடிப்பிலேயே பாடினார்கள். காதில் சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு, அங்கே வாசிக்கப்பட்ட பியானோவைக் கேட்டபடி பாடினார்கள். வாத்தியக்குழு இசை பின்னர் சேர்க்கப்பட்டது. ஆன் ஹாத்வே அழுகையும் பாட்டுமாய்க் குரல் உடைந்து பாடிய ஒரு காட்சிக்காக அந்த முறை முழுவதையும் மன்னிக்கலாம். ரஸ்ஸல் குரோவின் பாட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரும்பு நெஞ்சம் படைத்த காவல் அதிகாரிக்கு அந்தக் குரல் எட்டவில்லை. 1985-ல் இலண்டன் மேடையில் நாயகனாகப் பாடிய காம் வில்கின்சன் இதில் பாதிரியாராகச் சில நிமிடங்களே வருகிறார். அந்தச் சில நிமிடங்களில், மேடையில் பழுத்த குரல் எதுவென்று எவருக்கும் விளங்கிவிடும்.

மார்னி நிக்சன் 2016-ல், தம் 86-ஆம் வயதில் காலமானார். அதற்குள் அவருடைய பெயரை உலகம் அறிந்திருந்தது. 2021-ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' மீண்டும் படமாக வந்தது. முதற்படத்தில் அனிதாவாக நடித்து ஆஸ்கார் பெற்றவர் ரீட்டா மொரேனோ. அப்போது ஒரு பாட்டு தாழ்ந்த சுரத்தில் இருந்ததால், அதற்கு அவர் குரலை விட்டுவிட்டு வேறொருவரைப் பாட வைத்திருந்தார்கள். புதிய படத்தில், தொண்ணூறை நெருங்கிய வயதில், கடைக்கார மூதாட்டியாக வந்து ஒரு பாட்டைத் தாமே பாடுகிறார். முதுமையால் மெலிந்து, சற்றே நடுங்கும் குரல்.

அந்தக் காட்சியை என் காக்கா மகளுக்குப் போட்டுக் காட்டினேன். இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பாட்டு முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இன்னொரு முறை போடுங்கள் மாமி" என்றாள்.