பைக்குக்கு ஒரு பை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் மிதிக்கத் தொடங்கினேன். கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். குஞ்சப்பனை பக்கம் வரும்போது பின்சக்கரம் தொளதொளத்தது. பலாப்பழக் காலம், வாசனை பிடித்து யானைகள் இறங்கும் இடம் அது. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினேன். மாற்று டியூப் ஒன்று சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் ஒன்றரை வருடமாக இருக்கிறது. ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை. அதை மாட்டிப் பம்பு அடித்தால், அடித்த காற்று அடித்தபடியே வெளியே போகிறது.

டியூபை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரே மடிப்பில் பளபளவென்று தேய்ந்த மூன்று தடங்கள். நடுத் தடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. செய்தது யாரென்று தேட வேண்டியதில்லை. அதே பைக்குள் மடக்கு ஸ்பேனர் கிடந்தது. பை பெரிது, சாமான் கொஞ்சம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரும்பு ரப்பரை உரசியிருக்கிறது. அவசரத்துக்கென்று வைத்தது அவசரம் வருவதற்கு முன்பே செத்துப்போயிருந்தது.

கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிய பிக்கப் வண்டிக்காரர் நிறுத்தினார். “எங்கீங்க விழுந்தீங்க?”

“விழலீங்க. பஞ்சரு.”

“பஞ்சருக்கா வண்டியத் தூக்கீட்டு வர்றீங்க?”

மேட்டுப்பாளையம் வரை பதில் சொல்லத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து கோவையில் இரண்டு சைக்கிள் கடை ஏறி இறங்கினேன். கடைப் பையன் கேட்ட முதல் கேள்வியே, “எத்தனை லிட்டர் சார்?” பால் வாங்கப் போனவன் மாதிரி விழித்தேன். பையின் கொள்ளளவாம்.

சீட்டுக்கு அடியில் தொங்குவது, ஃபிரேமின் முக்கோணத்தை அடைத்துக்கொள்வது, மேல் குழாய் மீது குட்டியாக உட்காருவது, ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டுவது, இடுப்பில் கட்டுவது, முதுகில் மாட்டுவது. முதுகுப் பையை முதலில் ஒதுக்கினேன். இரண்டு லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே இரண்டு கிலோ. கோவை வெயிலில் முதுகு ஊறிப்போகும். ஏற்றத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேல்குழாய்ப் பை செல்போனுக்கும் கடலை மிட்டாய்க்கும் வசதிதான். எழுந்து நின்று மிதித்தால் முட்டி இடிக்கிறது. கடைக்குள்ளேயே இடித்தது.

வெறுங்கையோடு வந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

நண்பர் தன்னுடைய சீட் பையைக் கொடுத்து, “ஒரு வாரம் ஓட்டிப் பாரு” என்றார். நல்ல கெட்டியான பை, ஆட்டமே இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் ஏறி, இறக்கத்துக்காக சீட்டைத் தாழ்த்தினேன். என் வண்டியில் ஹேண்டில்பாரில் இருக்கும் விசையை அழுத்தினால் சீட் இறங்கும். டிராப்பர் போஸ்ட் என்பார்கள். அழுத்தி, பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து ‘கர்ர்ர்’ என்று சத்தம். 29 அங்குல டயர் பையின் அடிவயிற்றைச் சீவிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். சீட் கம்பிக்கும் டயருக்கும் இடைவெளி 24 செ.மீ. சீட் இறங்குவது 12.5. மிச்சம் 11.5. பை தொங்குவது 13. ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்கை ஒரு வாரம் முன்பே போட்டிருந்தால் நண்பருக்குப் பை வாங்கிக்கொடுக்கும் செலவு மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பையின் பட்டை, சீட்டோடு ஏறி இறங்கும் வழவழப்பான தண்டைச் சுற்றியிருந்தது. பட்டைக்குள் புழுதி புகுந்தால் அது உப்புத்தாள்தான். தண்டில் கீறல் விழுந்தால் உள்ளே இருக்கும் சீல் போகும். பின்பக்கமும் ஷாக் வைத்த வண்டிக்காரர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம்: பள்ளத்தில் விழும்போது சக்கரமே பையை நோக்கி எழும்பும்.

சீட் பை எனக்கு ஆகாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. பரண் மேல் எதையோ தேடும்போது அப்பாவின் காக்கிப் பை கிடைத்தது. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் செய்த அவருடைய ஹெர்குலிஸில், இரண்டு பார்களுக்கும் நடுவில், நாடா போட்டுக் கட்டியிருப்பார். ஒரு பக்கம் ரசீதுப் புத்தகம், இன்னொரு பக்கம் பஞ்சர் சாமான். கேரியர் அரிசி மூட்டைக்கு, பார் எனக்கு, முக்கோணம் அந்தப் பைக்கு.

முக்கோணத்தில் பை வைப்பது புதுசு என்று கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. புதுசெல்லாம் இல்லை. 1897 ஜூன் 14 அன்று அமெரிக்காவின் மொன்டானாவில் மிசூலாக் கோட்டையிலிருந்து 25ஆவது காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள் 20 பேர் சைக்கிளில் கிளம்பி, செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு 41 நாளில் போய்ச் சேர்ந்தார்கள். ஏறக்குறைய 1,900 மைல், அதாவது 3,000 கிலோமீட்டருக்கு மேல். படங்களைப் பார்த்தால் தெரியும்: போர்வைச் சுருள் ஹேண்டில்பாரில், கெட்டித் தோல் பெட்டி ஃபிரேமின் முக்கோணத்தில். கனம் நடுவிலும் தாழ்வாகவும் இருந்தால் வண்டி ஆடாது, வளைவில் இழுக்காது. இதற்கு விளம்பரம் தேவையில்லை, அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலண்டர் அட்டையை வெட்டி முக்கோணத்தில் பொருத்திப் பார்த்தேன். முழுப் பை அழகாக அடங்குகிறது. ஆனால் தண்ணீர் பாட்டில் எங்கே போகும்? என் ஃபிரேமில் பாட்டில் மாட்ட இடம் ஒன்றே ஒன்று, அதுவும் அந்த முக்கோணத்துக்குள்தான். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. வழியில் பெட்டிக்கடையில் ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு எறிந்துவிட்டுப் போக முடியாது. போகக் கூடாது என்பதும்தான். பாட்டில் இருந்தே ஆகவேண்டும்.

அட்டையை வெட்ட வெட்ட முக்கோணம் சிறுத்தது. கடைசியில் நின்றது முன்மூலை: மேல் குழாயும் கீழ்க் குழாயும் ஹேண்டில்பாருக்குக் கீழே சேரும் இடம். பாட்டிலைப் பக்கவாட்டில் உருவினால் இடிக்கவில்லை. தடிமன் ஐந்து செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் முட்டி உரசும். பிரேக் கேபிளுக்கு இரண்டு செ.மீ. விட்டேன்.

“ஒரு பைக்கு இத்தனை நாளா?” என்றாள் மனைவி. பைக்கையா பையையா என்று கேட்டேன். முறைத்தாள்.

ஆகஸ்ட் 23, சனி

அந்த அளவில் பை எந்தக் கடையிலும் இல்லை. உக்கடம் பக்கம் சீட் கவர் தைக்கும் ஒருவரிடம் அட்டையை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அளவு கெடக்கட்டுங்க. உள்ள வெக்கற சாமானக் கொண்டாங்க.”

“அட்டையே போதாதுங்களா?”

“பை பத்தாமப் போச்சுன்னா உங்களுக்குத் தெரியுமுங்க. மிச்சமாப் போச்சுன்னா சாமானுக்குத்தான் தெரியும்.”

குஞ்சப்பனையில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு ஓடி, எல்லாவற்றையும் அள்ளிவந்து அவர் விரித்த செய்தித்தாளில் கொட்டினேன். ஒவ்வொன்றாகத் தூக்கி, “இது எதுக்குங்க?” என்றார். பதில் வந்தது உள்ளே, வராதது வெளியே. கேபிள் டை கட்டு, பவர் பேங்க், எந்தத் திருகுக்கும் சேராத இரண்டு சாவிகள் எல்லாம் வெளியே. தேறியவை: டியூப் ஒன்று, டயர் லிவர் இரண்டு, ஒட்டுப் போடும் டப்பா, செயின் கழற்றியோடு கூடிய மடக்கு ஸ்பேனர், என் செயினுக்குப் பொருந்தும் குயிக் லிங்க் ஒன்று, டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பற்பசை டியூபிலிருந்து வெட்டிய துண்டு, மடித்த ஐந்நூறு ரூபாய். பம்பு பாட்டில் கூண்டின் ஓரத்தில் ஏறிக்கொண்டது.

லாரித் தார்ப்பாய்த் துண்டில் தைத்தார். மேலே இரண்டு, கீழே ஒன்று, ஒட்டுப் பட்டை. கூலி 400 ரூபாய்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பைக்குள் செய்தித்தாளைத் திணித்து ஐந்து நிமிடம் குழாய்த் தண்ணீர் அடித்தேன். துணி கசியவில்லை; தையல் கசிந்தது. கடையில் 600 டெனியர், 1000 டெனியர் என்று சொன்னார்களே, அது நூலின் கனம்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே டெனியர். எண் ஏறினால் கிழிசல் தாங்கும். தண்ணீர் போவதோ ஊசி போட்ட ஓட்டையிலும் ஜிப்பிலும். தைக்காமல் சூட்டில் ஒட்டி, வாயைச் சுருட்டி மூடும் பை மட்டுமே வெள்ளத்துக்கு நிற்கும். எனக்கு அது வேண்டாம். ரப்பருக்கும் இரும்புக்கும்தானே பை!

டியூபைப் பழைய சாக்ஸுக்குள் போட்டேன். செத்துப்போன டியூபில் ஒரு சாண் வெட்டி ஸ்பேனருக்கு உறையாக்கினேன். பட்டை படும் இடத்தில் ஃபிரேமுக்கு ஒளிபுகும் டேப் ஒட்டினேன். குலுக்கினால் சத்தமில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

அரவேணுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரி போய் டீ குடித்து, நனைந்தபடியே இறங்கினேன். பஞ்சர் இல்லை. வீட்டில் பையைத் திறந்தபோது கீழ்மூலையில் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த மூலையில் ஒரு ஓட்டை போட்டு வளையம் அடிக்க வேண்டும். சாக்ஸ் ஈரம். டியூபை உருவிப் பம்பு அடித்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. காயவைத்துத் திரும்ப உள்ளே வைத்தாயிற்று.

பை வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு: லிட்டரைக் கேட்காதீர்கள். வீட்டில் ஒரு செய்தித்தாளை விரித்து, உள்ளே வைக்கப்போவதைப் பரப்பிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். அதற்கு முன், இப்போது உங்கள் பையில் இருக்கும் மாற்று டியூபுக்கு இன்றைக்கே ஒருமுறை காற்றடித்துப் பாருங்கள்.