பன்னிரண்டு வோல்ட்

முப்பத்து நாலு வருஷம் அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் மோட்டார் பிரிவில் இருந்தேன். தலைக்கு மேலே இருபத்தைந்தாயிரம் வோல்ட் போகும் கம்பி, வண்டிக்கு அடியில் அச்சோடு சேர்த்துத் தொங்கும் இழுவை மோட்டார். எங்களுக்குப் பிடிக்காத ஒரே விருந்தாளி தண்ணீர். மழைக்காலத்தில் தண்டவாளத்துக்கு மேல் தண்ணீர் ஏறுகிறது என்று போன் வந்தால் பணிமனையே முகத்தைச் சுளிக்கும். நனைந்த மோட்டாரைக் கழற்றி, காயவைத்து, மெக்கர் போட்டுப் பார்த்து மறுபடி மாட்டுவது சாதாரண வேலையில்லை.

அப்படிப்பட்ட என்னிடம், தண்ணீருக்குள்ளேயே முங்கி ஓடுகிற மோட்டார் ஒன்று வந்து சேர்ந்தது. ரிடையர் ஆன வருஷம் மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்தான். கூடவே காற்றடிக்கிற மீன்பிடி படகு ஒன்று. ரெண்டு பேர் உட்காரலாம், சுருட்டினால் பீரோ மேலே வைத்துவிடலாம். "சும்மா டிவி பாத்துட்டு உக்காந்திருக்காதீங்கப்பா" என்றான்.

ட்ரோலிங் மோட்டார் என்று பேர். தூண்டிலை நீரில் இழுத்துக்கொண்டே மெதுவாகப் போவதுதான் ட்ரோலிங். 1934-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஃபார்கோ என்ற ஊரில் ஷ்மிட் என்பவர் செய்தது. பக்கத்து மினசோட்டாவையும் டகோட்டாவையும் சேர்த்து மின் கோட்டா என்று பேர் வைத்தார்கள். அமைப்பு ரொம்ப எளிது. மேலே கைப்பிடி, நடுவில் ஒரு குழாய், அடியில் தேங்காய் அளவில் மோட்டார், அதன் வாலில் விசிறி. மோட்டார் நீருக்குள் இருப்பதால் சூட்டைத் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது. எங்கள் மோட்டாருக்கு எமன், இதற்கு விசிறிக்காற்று!

"எத்தனை எச்.பி. சார்?" என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். இதற்குக் குதிரைத்திறன் சொல்வதில்லை, தள்ளுவிசையைத்தான் பவுண்டில் சொல்வார்கள். என்னுடையது 30 பவுண்டு. அதாவது பதிமூன்றரை கிலோவைத் தூக்கும் பலத்தோடு படகைப் பின்னாலிருந்து தள்ளும். ஆள் நடக்கிற வேகம்தான் வரும். வேகம் வேண்டுமென்றால் வேறு மோட்டார் பார்க்க வேண்டும். இது சத்தமில்லாமல் ஊர்வதற்கு, காற்று தள்ளும்போது இருந்த இடத்திலேயே நிற்பதற்கு. விரால் இருக்கிற இடத்துக்கு டீசல் இன்ஜினோடு போனால் என்ன கிடைக்கும்?

படகு வந்தது, மோட்டார் வந்தது, பேட்டரி வரவில்லை. கார் பேட்டரி இதற்கு ஆகாது. அது ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கும். மணிக்கணக்கில் உறிஞ்சினால் சீக்கிரமே செத்துவிடும். நின்று நிதானமாகக் கொடுக்கிற பேட்டரி வேண்டும். அது எங்கே இருக்கிறது? வீட்டு வராந்தாவில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, உள்ளே ஆசிட். காற்றுப் படகில் ஏற்றக் கூடிய பொருளே இல்லை. ஆனாலும் ஏற்றினேன். பிளைவுட் பலகை, அதன்மேல் பிளாஸ்டிக் கிரேட், அதற்குள் பேட்டரி. எடை சமமாக இருக்கட்டும் என்று அதை முன்பக்கம் வைத்ததால் நீளமான ஒயர் தேவைப்பட்டது. பன்னிரண்டு வோல்ட்டில் ஒயர் ஒரு வோல்ட்டைத் தின்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு போச்சு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் கேபிள் வாங்கி மாட்டினேன்.

திருவள்ளூர் பக்கம் நண்பர் ஒருவர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தார். மாசத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போவேன். விடிகாலையில் அந்த மோட்டார் ஊர்ந்து போகும் அமைதியை எப்படிச் சொல்ல? நீர்க்காகம் கூடப் பறக்காது. ஆகாயத்தாமரையில் விசிறி சிக்கும், தூண்டில் நரம்பு விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும். அதை உடனே எடுக்காவிட்டால் சீலை அறுத்துத் தண்ணீர் உள்ளே போய்விடும். எல்லாம் பழகிவிட்டது. "ஏங்க, நீங்க மீன் புடிக்கப் போற அன்னிக்குத்தான் கரண்ட் போகுது" என்று மட்டும் வீட்டில் பாட்டு. பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சக் கூடாது, பாதியோடு நிறுத்த வேண்டும் என்பது தெரியும். விரால் கடிக்கிற நேரத்தில் யார் கணக்குப் பார்ப்பது?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3-ஆம் தேதி ராத்திரி கரண்ட் போனது. விடிந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர், மழை நிற்கவில்லை. எட்டரை மணிக்கு எதிர்வீட்டு மாடியிலிருந்து பையன் கத்தினான்: "அங்கிள், பாட்டி மிஷின் நிக்கப் போவுது!"

எதிர்வீட்டு அக்காவுக்கு எழுபத்தெட்டு வயசு. நுரையீரல் கெட்டுப்போய், நாள் முழுக்க ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருக்கிறவர். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் ராத்திரியே தீர்ந்துவிட்டது. அவர்கள் இன்வெர்ட்டரும் கடைசி மூச்சில் இருந்தது.

என் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் விட்டேன். நிறைய இருந்தால் 1240 காட்ட வேண்டும், 1190 காட்டியது. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ராத்திரி ஓடிய ஃபேன் எவ்வளவு தின்றது, ஒரு வருஷமாக ஏரி எவ்வளவு தின்றது என்று பிரிக்க முடியாது. மிஷின் முந்நூற்றைம்பது வாட். இன்வெர்ட்டர் தின்பதும் போக, இரண்டரை மணி நேரம் வரும், மூன்று சந்தேகம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது மிஷின் இல்லை, மோட்டார். படகில் அக்காவை உட்காரவைத்து, பேட்டரியை ஏற்றி, மோட்டாரைப் போட்டு, சி.டி.எச். ரோடு வரை கொண்டுபோய்விடலாம்! ரெண்டு பையன்கள் படகுக்குக் காற்றடிக்க, நான் மோட்டாரைப் பின்பலகையில் மாட்டி ஒயரைக்கூட நீட்டிவிட்டேன். வழியில் அக்கா எதில் மூச்சு விடுவார் என்று யோசிக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் ஆம்பியர் கணக்குப் போட்டவன்.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "மோட்டாரக் கழட்டுங்க. மொதல்ல பேட்டரிய அங்க குடுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

கழற்றினேன். மாட்டியதும் கழற்றியதுமாகப் பத்து நிமிஷம்.

அன்றைக்குப் படகில் முதலில் ஏறியது பேட்டரி. தெருவைக் குறுக்கே கடந்து, மாடிக்குத் தூக்கி, மிஷினை மறுபடி ஓடவிட்டோம். பிறகு பையன்கள் மூன்று பேர் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சிலிண்டர் தேடி ரோட்டுப் பக்கம் போனார்கள். அந்தத் தண்ணீரில் மோட்டார் எப்படியும் ஓடியிருக்காது. கேரி பேக், கேபிள் டிவி ஒயர், முங்கிக் கிடந்த கம்பி வேலி, திடீரென்று முழங்காலளவு மேடு. 2015-ல் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தபோதும் பல தெருக்களில் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கையால்தான் தள்ளினார்கள்.

பதினொன்றுக்கு இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது. பதினொன்றேகாலுக்கு நின்றது. அக்கா கட்டிலில் முன்னால் குனிந்து, ரெண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, என்னைப் பார்த்தபடியே மூச்சை இழுத்தார். உதடு நீலம் பாய்ந்தது. அவர் மருமகள் முதுகைத் தடவிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். எட்டு நிமிஷம் கழித்துக் கீழே "வந்துட்டோம்!" என்று சத்தம் கேட்டது. மூன்று பேரும் நெஞ்சு வரை நனைந்து சிலிண்டரோடு மாடியேறினார்கள்.

மதியம் மழை விட்டபோது, அதே சிலிண்டரை மடியில் அணைத்தபடி அக்கா படகில் உட்கார, ரோடு வரை இழுத்துப் போய் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மகன் போனில் கேட்டான், "மோட்டார் யூஸ் ஆச்சாப்பா?" படகு யூஸ் ஆச்சு என்றேன்.

பொங்கல் கழிந்து ஏரிக்கென்று தனியாக ஒரு லித்தியம் பேட்டரி வாங்கினேன். விலை அதிகம்தான், எடை பன்னிரண்டு கிலோ. வராந்தாவில் புது டியூபுலர் இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விரால் கிடைத்தால் ஒன்றை எதிர்வீட்டில் கொடுக்கிறேன். "தம்பி, உன் பேட்டரிதான் அன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சு" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்தப் பத்து நிமிஷத்தை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.