சூரியனிடம் கேட்ட கேள்வி

சூரிய பகவானைத் தினந்தோறும் பார்க்கிறோம் என்று நாம் சொல்லுவது வெறும் பேச்சுக்குத்தான். நேருக்கு நேர் பார்த்தால் கண் போய்விடும். கும்பிடுகிறவர்கள்கூடக் கண்ணை மூடிக்கொண்டேதான் கும்பிடுகிறார்கள். ஆகையால், கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் அவருடைய திருமுகத்தைச் சாவகாசமாகத் தரிசிக்கும் பாக்கியம் சென்ற மாதம் கிடைத்தபோது, நமக்கு உண்டான பரபரப்பை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

நிலையத்தின் பொருட்காட்சி சாலையில், கண்ணாடிகளின் உதவியால் சூரிய பிம்பத்தை ஒரு திரையின்மீது விழச் செய்து காட்டுகிறார்கள். வெள்ளித் தாம்பாளம் போன்ற வட்டம். அதில், அரிசியில் கிடக்கும் கல்லைப்போல், நாலைந்து கரும்புள்ளிகள். "அந்தப் பெரிய புள்ளிக்குள் நம் பூமியைப் போட்டால் தாராளமாக விழும்" என்றார் உடனிருந்த நண்பர். சூரியனுடைய குறுக்களவு சுமார் 13,92,000 கிலோமீட்டர். 109 பூமிகளை வரிசையாக வைத்தால்தான் அந்தத் தாம்பாளத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பை எட்டலாம். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் புள்ளிகளைக் கண்ணால் கண்டபோது நமக்கு ஞாபகம் வந்தது, வீட்டிலுள்ள பிடி அரிசிப் பானை.

நம் பாட்டியாருக்கு இப்போது 92 வயது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. இந்த வழக்கத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய பாட்டி. அந்த அம்மாள் சிறு பெண்ணாயிருந்தபோது தாது வருஷத்துப் பஞ்சத்தைக் கண்டவர். உடன்பிறந்தார் இருவரை அதில் பறிகொடுத்தவர். 1876 முதல் 1878 வரை நாட்டைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் அரைக் கோடிக்கு மேல்.

கோடைக்கானலுக்கும் அந்தப் பஞ்சத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஜனங்கள் மடிந்துகொண்டிருக்கையிலேயே, 1877-ல், நார்மன் லாக்கியர் என்னும் வானநூல் நிபுணரும் வில்லியம் ஹண்டர் என்னும் அதிகாரியும் சென்னையின் மழைக் கணக்கைப் புரட்டிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சூரியனில் புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. அவை குறையும் காலத்தில் மழையும் குறைந்து பஞ்சம் வருகிறது என்பது அவர்கள் கட்சி. புள்ளிகளை எண்ணி வந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமல்லவா? (தானியம் கப்பலேறிக்கொண்டிருந்த நாளில், பழியைச் சூரியன்மேல் போடுவது சர்க்காருக்கு எவ்வளவு சௌகரியம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.) இத்தகைய நம்பிக்கையும் ஒரு காரணமாக 1899-ல் கோடைக்கானலில் நிலையம் ஏற்பட்டது. 1901 முதல் அங்கே சூரியனைக் கவனித்து வருகிறார்கள்.

நிற்க. இந்தப் புள்ளிதான் என்ன? சூரியன் கெட்டியான பொருள் அல்ல; வாயு உருண்டை. அதன் நடுவயிற்றில் உஷ்ணம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே வினாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அப்போது 40 லட்சம் டன் எடை அடியோடு மறைந்து, ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகிறது. 460 கோடி வருஷமாக எரியும் இந்த அடுப்பில் இன்னும் 500 கோடி வருஷத்துக்கு விறகு இருக்கிறது. வாயு உருண்டையானபடியால் அது ஒரே சீராகச் சுழல்வதும் இல்லை. இடுப்புப் பாகம் 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட, துருவங்களின் அருகே அதற்கு 35 நாள் பிடிக்கிறது. இதனால் உள்ளேயுள்ள காந்த சக்தி கயிறுபோல் முறுக்கேறி, சிற்சில இடங்களில் மேலே கிளம்புகிறது. அங்கே கீழிருந்து வரும் சூடு தடைப்படுகிறது. சுற்றுப்புறம் 5,500 டிகிரியில் கொதிக்க, அந்த இடம் மட்டும் 4,000 டிகிரி அளவுக்கு இறங்கிக் கறுத்துத் தோன்றுகிறது. கறுப்பு என்பது அண்டை வீட்டின் பிரகாசத்தால் வந்த அபவாதமே! தனியே எடுத்து ஆகாயத்தில் வைத்தால் அந்தக் கறை பூரண சந்திரனையும் தோற்கடிக்கும்.

1907-ல் கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட் இந்தக் கறைகளில் மனத்தைப் பறிகொடுத்தார். புள்ளிகளில் காந்த சக்தி இருப்பதை அமெரிக்காவில் ஹேல் என்பவர் 1908-ல் கண்டறிந்திருந்தார். ஆற்றுச் சுழலைப்போல் அங்கே வாயு சுழலுகிறது என்பது அக்காலத்து எண்ணம். எவர்ஷெட்டும் சுழலைத் தேடித்தான் பார்த்தார். 1909-ஆம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி, புள்ளியிலிருந்து வந்த ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கையில், அதிலுள்ள கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருந்தன. ஆனால் சுழலுக்கு ஏற்றபடி அல்ல. புள்ளியின் சாம்பல்நிற விளிம்பில் வாயு நாலா புறமும் வெளிநோக்கி, வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்து வானநூலார் இதை இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே அழைக்கிறார்கள். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று இருந்தும், கிடைத்ததைக் கிடைத்தபடியே எழுதிய அந்த மனிதரை நமக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மழை என்ன ஆயிற்று? வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் புள்ளிக் கணக்கையும் மழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். சம்பந்தம் சொற்பம் என்று முடிந்தது. பசிபிக் சமுத்திரத்திலும் இந்து மகா சமுத்திரத்திலும் காற்றின் அழுத்தம் தராசுத் தட்டுகளைப்போல் மாறிமாறி ஏறி இறங்குவதை அவர்தாம் பிறகு கண்டார். தாது வருஷத்தில் பசிபிக்கின் நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியிருந்தது என்று இன்று அறிகிறோம். கடல் நீரை மேகமாக்குவது சூரியன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 11 வருஷச் சக்கரத்தில் அதன் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது. எந்த வருஷம் மழை பொய்க்கும் என்பதை அது முகத்தில் எழுதி வைத்திருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் பாட்டியாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். புள்ளியைப் பற்றிக் கேட்டபோது வாயைப் பிளந்து கேட்டார். பூமி அதற்குள் விழும் என்றதும், "போடா, புளுகாதே" என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, "அத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தும், மழை எப்போது என்று தெரியவில்லையாக்கும்?" என்று கேட்டார்.

"கடலைத்தான் பார்க்க வேண்டுமாம், பாட்டி" என்றோம்.

"அதையும் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, உலை கொதிக்கும் சப்தம் கேட்டு எழுந்து போனார். ஒரு பிடி அரிசி பானையில் விழுந்தது நம் காதில் கேட்டது.