திண்ணையில் படித்த கெமிஸ்ட்ரி

ஐப்பசி மழை விட்ட சாயங்காலங்களில் பச்சை மல்லாட்டையை மண் போகக் கழுவி, கல்லுப்புப் போட்டு வேகவைக்கிற வாசனை அடி அண்ணாமலையில் இப்போதும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வரத்தான் செய்கிறது, வந்ததும் வாத்தியார் தாத்தாவின் திண்ணை, அங்கே உட்கார்ந்து படித்த முதலாண்டு கெமிஸ்ட்ரி, அவர் வேட்டி மடிப்பிலிருந்த மூக்குப்பொடி நெடி எல்லாம் வரிசையாக எழுந்து வந்துவிடுகின்றன. திருவண்ணாமலைப் பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே சீக்கிரம் நிழல் விழுந்துவிடும், மலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஊரிலோ கடைசி வெயில் பாறைகளில் சிவந்து வெகுநேரம் நிற்கும், அந்த வெளிச்சம் தீரும் வரை தாத்தா பல்பைப் போடவே மாட்டார்.

அவர் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கெமிஸ்ட்ரி படித்தவரில்லை, பழுப்புத்தாள் அட்டை போட்ட லிப்கோ அகராதி ஒன்றுதான் கையில் இருந்தது, அதையும் எடுத்த எடுப்பில் திறக்க விடமாட்டார். “இன்னைக்கு வகுப்புல என்ன நடந்துச்சு, தமிழ்ல சொல்லு” என்பார், சொல்லச் சொல்ல மல்லாட்டையை உரித்துக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்பார், விஷயம் தெளிந்த பிறகுதான் “இப்ப இதையே இங்கிலீஷ்ல நாலு வரி எழுது” என்பார், எழுதியதில் இலக்கணத்தை விட்டுவிட்டு விஷயம் சரியா என்று மட்டும் முதலில் பார்ப்பார். பாடம் புரியாதவன் வேற, பாஷை புரியாதவன் வேற, ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுக்கக் கூடாது கண்ணு, என்று அவர் சொன்னதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரே மருந்துதான். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ்வழியில் படித்து வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பையன்கள் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து, கரும்பலகையில் இங்கிலீஷில் இருந்ததை எழுத்து மாறாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள், கேள்வி கேட்கக்கூட வாய் வராது, அந்த மௌனத்தை மந்தம் என்று ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பாடங்களைத் தமிழில் நடத்தத் தொடங்கியதைத் தாத்தா வீட்டு விசேஷம் போலச் சொல்லிச் சொல்லி மகிழ்வார், அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியதைக் கேட்க அவர் இல்லை.

பல வருஷம் கழித்து யாழ்ப்பாணம் போனபோது மானிப்பாயில் கிரீன் நினைவு மருத்துவமனை முன்னால் நின்றேன், அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிரீன் என்ற மருத்துவர் தமிழ் கற்று, மருத்துவ நூல்களை மாணவர்களோடு உட்கார்ந்து தமிழாக்கி, 1864 வாக்கில் வைத்தியத்தையே தமிழில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய இடம் அது, புழுதியும் டெட்டால் நெடியும் கலந்த அந்த வாசலில் எனக்குத் தாத்தாவின் திண்ணைதான் ஞாபகத்துக்கு வந்தது, இரண்டு இடத்திலும் சொல்லிக்கொடுக்கிறவர்தான் மாணவன் இருக்கும் பக்கம் நடந்து போயிருக்கிறார்.

இன்று அந்தத் திண்ணையை இடித்து, ஷட்டர் போட்ட கடை கட்டிவிட்டார்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குத் தண்ணீர் பாட்டில் விற்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தவள், அவள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். சேர்ந்ததும் சில நாள் அறிமுக வகுப்பு, முதலாண்டில் ஆங்கிலத்துக்கென்று தாள், அதோடு சரி. போனைப் புத்தகப் பக்கத்தின் மேல் பிடித்தால் தமிழ் வந்துவிடுகிறது, “படிச்சா புரியுது மாமா, எழுதச் சொன்னா வரமாட்டேங்குது” என்றாள்.

போன் கேள்வி கேட்பதில்லையே, அதனால்தான். அன்று வகுப்பில் என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொன்னேன், விசையையும் திருப்புத்திறனையும் கிணற்றடி ராட்டினத்தை வைத்து அழகாக விளக்கினாள், எனக்கே புரிந்தது, எனக்கு இன்ஜினியரிங் தெரியாது. தாத்தாவுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாமல் போனது குறையே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, இப்படிக் கேட்டு எழுதவைக்கப் பேராசிரியர்கூட வேண்டாம், தமிழ்வழியில் படித்துத் தடுமாறி வந்த இரண்டாம் ஆண்டு அக்கா ஒருத்தி, ஒரு வருஷத்துக்கு, சம்பளத்தோடு, போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் வகுப்பில் தமிழ்வழி வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். நாலு மணிக்கு மேல் ஒரு காலி வகுப்பறையும் இரண்டு சீனியர்களும் வேண்டும் என்று துறைத் தலைவருக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்திருக்கிறாள், தமிழில் முடித்துவிட்டாள், இங்கிலீஷில் இரண்டாவது பத்தி ஓடிக்கொண்டிருக்கிறது.