குளிருதா?

எங்க ஊர் திருத்தணி. 1953ல ஆந்திராவோட போய், 1960ல திரும்பி வந்த ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசியே வளர்ந்ததால, எல்லை தாண்டுறது எனக்குப் பெரிய விஷயமாவே பட்டதில்லை... லண்டன்ல இறங்கின முதல் சாயங்காலம் வரைக்கும்!

ஹாஸ்டல் ரூம்ல ஹீட்டரை எப்படிப் போடுறதுன்னு தெரியல. 365 படி அசராம ஏறின காலு விறைச்சுப் போச்சு. யார்கிட்ட கேக்கறது? கூச்சம். பக்கத்து ரூம் பையன் தானா வந்து "குளிருதா?"ன்னு கேட்டு, ஒரு குமிழைத் திருகிட்டுப் போனான். அவ்வளவுதான்.

ராமானுஜன் 1914 மார்ச் 17ல சென்னையில கப்பல் ஏறி, ஏப்ரல் 14ல லண்டன் சேர்ந்தார். நாலு வாரம்! நமக்கு அரை நாள். குடுமியை எடுத்துட்டுப் போனவர். கேம்பிரிட்ஜ்ல ராத்திரி ஓவர்கோட்டோட சால்வையைச் சுத்திக்கிட்டுப் படுத்தும் அவருக்குக் குளிர். மஹலநோபிஸ் விசாரிச்சுட்டு உள்ளே போய்ப் பார்த்தா, கட்டில்ல கம்பளியெல்லாம் செருகின மாதிரியே இருக்கு. அதுக்குள்ள நுழைஞ்சு படுக்கணும்னு அவருக்கு யாருமே சொல்லல!

ஹார்டிக்கே தயங்காம கடிதம் எழுதின மேதை. அவருக்கே ஒருத்தர் வந்து கேக்க வேண்டியிருந்தது.

மக்களே, உங்க பக்கத்து ரூமுக்குப் புதுசா யாராவது வந்தா, அவங்க கேக்கட்டும்னு இருக்காதீங்க. நீங்களே போய்க் கதவைத் தட்டுங்க.